ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

நோட்டரி என்றால் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசை, பெயர்ப்பலகை, வாசலில் காத்திருக்கும் கூட்டம் என்று நினைப்பவர்கள் என்னைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். எனக்கு மேசை கிடையாது. தோளில் ஒரு பை உண்டு. அதற்குள் முத்திரை, மைப்பெட்டி, நாலைந்து பேனா, வெள்ளைத்தாள், கீழே வைத்து எழுத ஒரு அட்டை, விரல் துடைக்கப் பழைய துணி, ஒரு குடை. நோட்டரியைத் தேடி வர முடியாதவர்களைத் தேடி நோட்டரி போவாள். அதுதான் என் தொழில். படுக்கையில் கிடப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள், அரை நாள் லீவு கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆலைகளில் வேலை செய்பவர்கள், இவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். யாங்கோனில் நான் ஏறாத மாடிப்படி குறைவு. சந்தேகம் இருந்தால் என் முழங்காலைக் கேளுங்கள்.

புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் வக்கீலை இந்த ஊரில் யாரும் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. பர்மியர் வீட்டில் மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ், நம்மவர் வீட்டில் இட்லியோ சுண்டலோ, சீனர் வீட்டில் பெயர் தெரியாத ஆனால் ருசியான ஏதோ ஒன்று. அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. என் முன்னால் கையெழுத்துப் போடப் போகிறோம் என்பதற்காகவே மக்கள் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து உட்காரவே இரண்டு பேர் தாங்க வேண்டிய ஒரு பெரியவர், புது லோஞ்சி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் பூசி, மாப்பிள்ளை மாதிரி எனக்காகக் காத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குப் பெருவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மையில் தொட்டு வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழும். "எல்லாம் அலோன் துறைமுகத்துக்கே கொடுத்துட்டேன் சயாமா" என்று சிரிப்பார்கள். சயாமா என்றால் டீச்சர். படித்த பெண்களை எல்லாம் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த விரலைத் துடைத்து, காயவைத்து, மறுபடி மறுபடி வைத்து, கடைசியில் ரெண்டு கோடாவது தெரியும்போது அவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். காரணம் என் வழக்கம் ஒன்று. கையெழுத்துக்கு முன்னால், போடப்போகிறவரைத் தவிர எல்லாரையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிடுவேன். மகன், மருமகள், சாட்சி, பூனை, எல்லாரும் வெளியே. பிறகு பத்திரத்தில் இருப்பதை அவருடைய பாஷையில் வாசித்துக் காட்டுவேன். பர்மிய மொழிப் பத்திரத்தைத் தமிழருக்குத் தமிழில் சொல்வேன். "உங்க மனசாரப் போடுறீங்களா? யாராவது போடச் சொன்னாங்களா?" என்று கேட்பேன். பதில் வாயிலிருந்து வர வேண்டும். தலையாட்டல் செல்லாது. அதோடு, பேனா தாளில் படுவதை என் கண் பார்க்க வேண்டும். இதற்காக எத்தனையோ மருமகன்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு, அது நம்மவர்களுக்கே உரியது. பர்மியர்களுக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிற ஆகாத நாட்கள் உண்டு. அந்த நாளில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். நமக்கோ தினமும் ராகு காலம், அது போதாதென்று எமகண்டம். இந்த ஊர்த் தமிழர் என்ன செய்கிறார்கள் என்றால், வஞ்சனை இல்லாமல் இரண்டையும் பார்க்கிறார்கள். சுவரில் பர்மியக் காலண்டரும் தமிழ்க் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் கையெழுத்துப் போட மிஞ்சுகிற நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் நான் அலோனிலோ தாமுவேயிலோ யாரோ ஒருவர் வீட்டு ஆறாவது மாடியில் நிற்க வேண்டும்.

நான் சொல்ல வந்த அந்த அம்மாவை ஷ்வேப்யிதாவில், ஒரு தையல் ஆலையின் வாசலில்தான் முதலில் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய்ப் பெண்களிடம் உறுதிமொழிப் பத்திரங்களுக்குக் கையெழுத்து வாங்குவேன். ஐம்பதை ஒட்டிய வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, கடைசியில் வந்து தமிழில் பேசினார்.

"சயாமா, புருஷன் பொஞ்சாதின்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுப்பீங்களா?"

"கல்யாணப் பத்திரமா? பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எனக்கு" என்றார். சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவர் கிறிஸ்தவக் குடும்பம். அவரோடு வாழ்கிற மனிதர் இந்து, அலோன் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை பார்த்தவர். இளமையில் இரண்டு வீட்டிலும் பேசிப் பார்த்திருக்கிறார்கள். கோயிலில் வைத்தால் இவர் வீட்டார் வர மாட்டார்கள், மாதா கோயிலில் வைத்தால் அவர் வீட்டார் வர மாட்டார்கள். "அப்ப எங்கயும் வேணாம்" என்று இருவரும் ஒரு பாயும் ஒரு அடுப்பும் வாங்கி, அலோனில் ஒரு ஆறாவது மாடி அறையில் குடியேறிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அடையாள அட்டையில் இருவரும் இன்றுவரை மணமாகாதவர்கள். அது அவர்களுக்கு ஒரு குறையாகவும் பட்டதில்லை.

இப்போது அந்த மனிதருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சேர்க்கும்போது உறவினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ரத்த உறவென்றால் அவருக்கு ஒரே ஒரு அண்ணன், மண்டலேயில். பேச்சுவார்த்தை இல்லை. மனைவி என்றால் அதற்குப் பத்திரம் வேண்டும். வியாழக்கிழமை மதியம் வருகிறேன் என்று சொன்னேன். படித்துப் பார்க்க ஒரு பிரதியைத் தட்டச்சு செய்து முன்கூட்டியே கொடுத்தனுப்பினேன். அதுவும் என் வழக்கம்தான், படிக்காமல் யாரும் போடக் கூடாது என்பதற்காக.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு. பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அன்று காலையில் ஷ்வேப்யிதாவில் வேலை இழுத்துவிட்டது. மழை வேறு. மின்சாரம் போனதில் சிக்னல் விளக்குகளும் போய், பஸ் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று யோசித்தது. போனில் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அலோனில் அவர்கள் தெருவில் நான் குடையோடு இறங்கியபோது ஒன்றரை ஆகச் சில நிமிடங்கள்தான் இருந்தன.

எங்கள் ஊர் மாடி வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர்காரர் பேப்பரை மாட்டுவார், காய்கறிக்காரி கீரையை மாட்டுவாள், மேலே இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொள்வார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மணியை இழுக்கப் போகையில் கயிறு தானாகவே இறங்கி வந்தது. கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் என் பத்திரம். ஆறாவது மாடியிலிருந்து அந்த அம்மா குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தினார்.

"சயாமா! ராகு காலத்துக்கு முந்தியே எல்லாரும் போட்டுட்டோம்! முத்திரை குத்தினா போதும்! கால்வலியோட நீங்க ஏற வேணாம்!"

உறையைத் திறந்து பார்த்தேன். கணவர் கையெழுத்து, மனைவி கையெழுத்து, சாட்சிகள் இரண்டு, எல்லாம் அழகாக, கோட்டுக்கு மேலேயே. என் முழங்காலுக்காக நாலு பேர் சேர்ந்து செய்த அன்பு. ஆனால் முழுக்கச் செல்லாத அன்பு. என் கண் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு முத்திரை குத்தினால் நான் நோட்டரி இல்லை, தபால் பெட்டி. மழையில் நின்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதிதாக அச்சடிக்க எதிர்க்கடைக்குப் போனால் அங்கே மெழுகுவத்தி எரிகிறது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டேன். கடைக்காரர் மேலே கையைக் காட்டினார், கடவுளைக் காட்டினாரா கம்பியைக் காட்டினாரா தெரியவில்லை.

ஏறினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இரண்டு வசவு. முதல் வசவு அவர்களுக்கு, இரண்டாவது எனக்கு.

மேலே போனதும் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. "நாளைக்குக் காலைல சேரணுமே சயாமா. தப்பா பண்ணிட்டேனா?" என்றார். "தப்பில்லம்மா, என்மேல பாசம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். கையால் எழுதிய பத்திரமும் பத்திரம்தான். என் கையெழுத்து இன்னும் செத்துப்போகவில்லை.

ஒற்றை அறை. ஒரு மூலையில் முருகன் படமும் மாதா படமும் ஒரே அலமாரியில், ஒரே சாமந்திப் பூவைப் பகிர்ந்துகொண்டு. கட்டிலில் அவர், வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் சாட்சிகள். கீழ்மாடியில் இருக்கும் பர்மியப் பெரியவர் ஒருவர், அவரை எல்லாரும் ஊலே, அதாவது மாமா, என்றுதான் கூப்பிட்டார்கள். இன்னொருவர் பக்கத்து அறைச் சீன அம்மாள். சாட்சிக் கையெழுத்துக்கென்று ஊலே விசேஷத்துக்குப் போடும் பர்மியச் சட்டையைப் போட்டிருந்தார். "இன்னொரு தடவை போடணுமாம்" என்றதும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "போடலாமே, இதுக்கென்ன" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

எழுதி முடித்ததும் மணி இரண்டு. ராகு காலத்தின் நட்டநடு. அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிலுவை போட்டவருக்கு ராகுவிடம் என்ன பயம் என்று கேட்டேன். "அவருக்காகத்தான் சயாமா. அவரே பாக்க மாட்டாரு, நாந்தான் பாத்து வைப்பேன்" என்றார். சரி, மூன்று மணிவரை காத்திருப்போம், அதற்குள் என் கேள்விகளை முடித்துவிடுகிறேன் என்றேன். சாட்சிகளைப் படியில் உட்கார வைத்தேன். ஒற்றை அறையில் அந்த அம்மாவை வேறெங்கே அனுப்புவது? பால்கனிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

பத்திரத்தை அவருக்குத் தமிழில் வாசித்தேன். "இந்த நகரத்தில் வசிக்கும் நாங்கள் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்து வருகிறோம் என்று சத்தியமாக உறுதி கூறுகிறோம்" என்று வந்ததும் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நீங்க கேக்காமலே முத்திரை குத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ஏன்? மனசாரப் போடலையா?"

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பால்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "அவ சந்தோஷமா பேப்பரை நீட்டினா. போட்டேன். ஆனா சத்தியம்னு கேட்டீங்கன்னா நான் உண்மையைச் சொல்லணும். டாக்டர் பாதிக்குப் பாதின்னு சொல்லிட்டாரு. அவ அண்ணன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? 'எப்ப வேணும்னாலும் தனியா வா, கதவு திறந்திருக்கும்'ன்னு. தனியா வான்னுதான். இப்ப அவ கல்யாணம் ஆகாதவ. நாளைக்கு நான் போயிட்டா அப்படியே போய்ச் சேந்துக்கலாம். இந்தப் பேப்பர்ல போட்டா அவ என் விதவை. என் விதவைக்கு அந்த வீட்டுக் கதவு திறக்காது. வயசான காலத்துல அவ எங்க போவா? நான் போடல சயாமா. மண்டலேல இருக்கிற என் அண்ணனுக்கு நானே போன் போட்டு வரச் சொல்லிக்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கீழே கயிற்றில் வந்த கையெழுத்தில் இத்தனை பூதம் இருக்கும் என்று யார் கண்டது? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் 'போட மாட்டேன்' என்றவர்கள் பெரும்பாலும் சொத்துக்காகச் சொன்னவர்கள். ஒரு மனிதர் தன் பக்கத்தில் இருப்பவளின் எதிர்காலத்துக்காகப் போட மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் பேனாவை மூடிவிட்டேன். மனசில்லாத கையெழுத்தை நான் வாங்குவதில்லை.

இருந்தாலும் என் வேலை பாதிதான் முடிந்திருந்தது. பத்திரத்தில் இரண்டு பேர். அவரிடம் கேட்டால் அந்த அம்மாவிடமும் கேட்க வேண்டும். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாக மழைதான் நிற்க முடியும், அவ்வளவு இடம். அவர் என்னிடம் சொன்னதை நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன்.

"உங்க மனசாரப் போடுறீங்களா? யாராவது போடச் சொன்னாங்களா?"

அந்த அம்மா கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"போன மாசம் அவரு விழுந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். லூனாஷின் யாருன்னு கேட்டாங்க." நோயாளிக்கு உடையவர் யார் என்று பர்மிய மொழியில் கேட்கும் கேள்வி அது. நோயாளியோடு வந்து பொறுப்பேற்கும் உறவுக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "நாந்தான்னேன். என்ன உறவுன்னாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல சயாமா. கூட இருக்கேன்னு சொன்னேன். அவங்க பாவம், அவங்களுக்கு ஒரு சட்டம். வெளிய உக்காருங்கன்னுட்டாங்க. கூட வந்த துறைமுகத்துக்காரரு தம்பின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. டாக்டர் வந்து அவருகிட்டதான் சொன்னாரு. அவரு வந்து எங்கிட்ட சொன்னாரு. அவரு நல்ல மனுஷன்தான். ஆனா பாதியை மறந்துட்டாரு."

சாரல் முகத்தில் அடித்தும் அவர் ஒதுங்கவில்லை.

"எங்கண்ணன் வீட்டுக் கதவு திறந்திருக்குன்னு இவரு நெனைச்சு வெச்சிருக்காரு. எனக்குத் தெரியும், இவரு மனசுல அதான் ஓடுது. அந்த வீட்டுக்குள்ள நான் போகலாம், சோறு திங்கலாம். இவரு பேரைச் சொல்லி அழ முடியுமா? 'யாருக்குடீ அழுவுற'ன்னு கேட்டா என்ன சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மழையா கண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. "எனக்குச் சோறு வேணாம் சயாமா. இவரு பொழைச்சாலும் போனாலும், எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பேப்பரு."

அந்த நிமிடம் என் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் எரிச்சலோடுதான் போட்டேன். ஒரு மனுஷியை நிம்மதியாக அழக்கூட விட மாட்டார்களா என்று திட்டிக்கொண்டே போட்டேன். நீ யார், உனக்கென்ன உறவு என்று அன்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் நேராக என்னிடம் வந்தார். என் கண்ணைப் பார்த்து, என்னிடம்தான் முதலில் சொன்னார். அது எனக்கு வாய்த்த செல்வம் என்று, ஊரார் கையெழுத்தை எல்லாம் வாங்கித் திரிந்த எனக்கு, இத்தனை காலம் உறைக்கவே இல்லை. அந்த அம்மா பால்கனியில் சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரருக்கும், பெயர் தெரியாத அந்த டாக்டருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் எப்படிச் சொல்றது? ஆபரேஷனுக்குப் போற மனுஷன்கிட்ட 'நீங்க செத்தா'ன்னு பேச்சை எடுக்க முடியுமா?"

"சொல்லுங்க" என்றேன். கதவைத் திறந்துவிட்டேன். வக்கீல் செய்யக் கூடாத காரியமா என்று என்னைக் கேட்டால், ஒருவர் ரகசியத்தை நான் இன்னொருவரிடம் சொல்லவில்லை. கதவைத்தான் திறந்தேன்.

அந்த அம்மா உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். என்னிடம் சொன்னது போலக் கோர்வையாக எல்லாம் வரவில்லை. "எங்கண்ணன் வீடு எனக்கு வேணாம். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும். வேற யாரோ வந்து எனக்குச் சொல்லக் கூடாது" என்று அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மனிதர் கையை நீட்டி, விளிம்பைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கைமேல் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பேனாவைக் குடுங்க சயாமா" என்றார்.

சட்டப்படி நான் மறுபடி கேட்டேன். அவரைத் தனியே வைத்து, கதவைச் சாத்தி, அதே கேள்வி. "மனசாரத்தான்" என்றார். "இப்ப மனசாரத்தான். கேட்டதுக்கு ரொம்ப நன்றி." கேள்வி கேட்டதற்காக எனக்கு யாரும் அதுவரை நன்றி சொன்னதில்லை. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டேன். மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. மூணு ஆகட்டுமே என்று நானே சொன்னேன், அந்த அம்மாவின் மனசுக்காக.

"ராகுவாவது கேதுவாவது" என்றார் அந்த அம்மா. "இவரு மனசு மாறுறதுக்குள்ள போடச் சொல்லுங்க!"

சீன அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்தார். கணவர் போட்டார், என் கண் பார்த்தது. அந்த அம்மா போட்டார், அதையும் பார்த்தேன். அவசரத்தில் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. "அசிங்கமா போச்சே, கயித்துல அனுப்பினதுல எவ்வளவு அழகா இருந்துச்சு" என்று வருத்தப்பட்டார். நான் பார்த்த கையெழுத்துகளிலேயே நல்ல கையெழுத்து அதுதான் என்றேன், பொய்யில்லை. சாட்சிகள் போட்டார்கள். முத்திரையை மையில் தொட்டு, ஊதி, அழுத்தி வைத்தேன்.

அதற்குள் ஊலே கீழே இறங்கிப் போய் ஒரு தட்டில் லபெட் கொண்டுவந்தார். ஊறவைத்த தேயிலை, வறுத்த பயறு, எள், பூண்டு. பர்மியர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வழக்கு தீர்ந்தாலும் கல்யாணம் நடந்தாலும் லபெட் வைப்பார்கள், தின்றுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "ரெண்டுக்கும் சேத்து ஒரே தட்டு" என்றார் ஊலே. நாங்கள் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து தின்றோம். நோயாளிக்கு எண்ணெய் ஆகாது என்று அந்த அம்மா அவர் கையிலிருந்து பாதியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். சட்டப்படி மனைவியாகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதிகாரம் வந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். இறங்கும்போது என் முழங்கால் வலித்ததாக ஞாபகம் இல்லை. மறுநாள் வலித்தது, அது வேறு விஷயம்.

சனிக்கிழமை அறுவை சிகிச்சை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்து அந்த அம்மாவை ஒரு விதவையாக்கிவிட்டால் என்ன செய்வது என்று சும்மா சும்மா தோன்றியது. தாமுவே சந்தையில் எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த அம்மாதான். அழுகைக் குரல்.

கறிவேப்பிலையைக் கடையிலேயே வைத்துவிட்டேன். "என்னம்மா? சொல்லுங்க" என்றேன்.

"கையெழுத்துப் போட்டேன் சயாமா. உறவு என்னன்னு கேட்டாங்க, பேப்பரைக் குடுத்தேன், பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒண்ணும் கேக்கல."

"அது சரி, அவருக்கு எப்படி இருக்கு?"

"உள்ள கூட்டிட்டுப் போனதும் எனக்கு அழுகை வந்துருச்சு. அங்கயே, வாசல்லயே உக்காந்து சத்தமா அழுதேன். ஒரு நர்ஸ் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அழாதீங்க, உங்க வீட்டுக்காரர் நல்லபடியா வந்துருவாரு'ன்னா."

"அட, வந்தாரா இல்லையா, அதை முதல்ல சொல்லும்மா!" சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"வந்துட்டாரு. நல்லா இருக்காரு" என்று சொல்லி அந்த அம்மா மறுபடி அழுதார். "டாக்டர் நேரா எங்கிட்ட வந்து சொன்னாரு சயாமா. எனக்குத்தான் மொதல்ல சொன்னாரு."